பதினைந்து நாள் விடுப்பும் இரண்டு பெருங்கடல்களும்

கேள்வி இதுதான்: கையில் வசதி இருக்கிறது, பெரும்பாலான நாடுகள் விசா கேட்காமலே வரவேற்கும் கடவுச்சீட்டும் கிடைக்கிறது, அப்படியிருந்தும் அமெரிக்கர்களில் கணிசமானோர் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று வெளிநாட்டுக்குப் போவதே இல்லையே, அது ஏன்? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். தங்கள் நாட்டுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் அந்தப் பதில். ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில் பதினாறு ஆண்டுகள் அலுவலக வேலை பார்த்து, அம்மக்களோடு ஒரே மேசையில் மதிய உணவு உண்டவன் நான். அந்தப் பதில் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அதைக் கடைசியில்தான் வைப்பேன். முதலில் வைக்க வேண்டியது விடுப்புக் கணக்கு.

அதற்கு முன் ஒரு பழைய புள்ளிவிவரத்தை அப்புறப்படுத்திவிட வேண்டும். அமெரிக்கர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடமோ பத்துப் பேரிடமோதான் கடவுச்சீட்டு இருக்கிறது என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. 1990 வாக்கில் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. இன்று மக்கள்தொகையில் பாதிப் பேர் அளவுக்குக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள்; 2023 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 2.4 கோடி கடவுச்சீட்டுகளை அந்நாட்டு வெளியுறவுத் துறை வழங்கியது. இந்த ஏற்றத்துக்கு உலக ஆர்வம் திடீரென்று பெருகியது மட்டுமே காரணம் அல்ல. எல்லை விதிகள் மாறியதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அதுவரை கனடா, மெக்சிகோ, கரீபியத் தீவுகள் ஆகியவற்றுக்குப் போய்வர ஓட்டுநர் உரிமமும் பிறப்புச் சான்றிதழும் இருந்தாலே போதும். டெட்ராய்ட் நகரத்து இளைஞர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கனடாவின் விண்ட்சர் நகரம் வெளிநாடாகவே தோன்றியதில்லை. மிச்சிகனில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்டாரியோவில் 19 போதும். வெள்ளிக்கிழமை மாலை பாலத்தைக் கடப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சட்டம் மாறியது. 2007 ஜனவரி முதல் வான்வழியாகவும், 2009 ஜூன் முதல் தரைவழியாகவும் கடல்வழியாகவும் திரும்பி வருபவர்கள் கடவுச்சீட்டையோ அதற்கு இணையான அட்டையையோ காட்ட வேண்டும் என்றானது. எனவே கடவுச்சீட்டு எண்ணிக்கையை வைத்துப் பயண ஆர்வத்தை அளப்பது அன்றும் சரியில்லை, இன்றும் சரியில்லை.

அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம் அண்மை ஆண்டுகளில் எடுத்த கணிப்புகளின்படி, அமெரிக்காவில் வயது வந்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் வாழ்நாளில் ஒரு முறையாவது வெளிநாட்டு மண்ணை மிதித்தவர்கள். அதே மையத்தின் கணிப்பில் இந்தியர்களுக்கான எண் நூற்றுக்கு மூன்று என்ற அளவில் இருப்பதால், இந்த விஷயத்தில் கேலி செய்யும் தகுதி நமக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நான்கில் மூவரைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் வேறு சித்திரம் தெரியும். ஆண்டுதோறும் அமெரிக்கர்கள் மேற்கொள்ளும் வெளிநாட்டுப் பயணங்களில் மிகப் பெரும் பங்கு மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போய்விடுகிறது. மற்றவற்றில் ஒரு பகுதி உறவினரைப் பார்க்கப் போவது, ஒரு பகுதி அலுவல். கடல் கடந்து, வேறு எந்த வேலையும் இல்லாமல், பார்த்து மகிழ்வதற்காக மட்டுமே போகும் பயணம் என்று சலித்தெடுத்தால், எஞ்சுபவர்கள் பெரும்பாலும் படித்த, வருமானம் மிகுந்த, கடலோர மாநிலங்களில் வாழும் மக்களாக இருப்பார்கள். நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் விகிதம் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மிசிசிப்பியும் மேற்கு வர்ஜீனியாவும் கடைசியில் நிற்கின்றன. ஆகவே 'அமெரிக்கர்கள் ஏன் போவதில்லை' என்பதைவிட 'எந்த அமெரிக்கர்கள் போவதில்லை' என்று கேட்பதே பொருத்தம்.

இனி விடுப்புக் கணக்குக்கு வருகிறேன். என் மேசைக்கு எதிர் மேசையில் ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் இருந்தார். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது எங்கள் இருவருக்கும் வேலை. அவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. கேட்பதற்கு மூன்று வாரம் என்று தாராளமாகத் தோன்றும். ஆனால் மருத்துவ விடுப்பு, சொந்த வேலை விடுப்பு, சுற்றுலா விடுப்பு எல்லாம் அந்தப் பதினைந்துக்குள்தான். நம் ஊர் அரசு ஊழியர்களைப்போல் தற்செயல் விடுப்பு தனி, ஈட்டிய விடுப்பு தனி, மருத்துவ விடுப்பு தனி என்ற பாகுபாடு அங்கே பல தனியார் நிறுவனங்களில் கிடையாது. ஜனவரி முதல் வாரத்தில் அவர் மேசை நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் வட்டமிடுவார். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலல் பண்டிகை வியாழக்கிழமைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள், ஆக இரண்டு. கிறிஸ்துமஸுக்கு அரிசோனாவில் தனியாக இருக்கும் தாயைப் பார்க்க நான்கு. பிள்ளைக்குக் காய்ச்சல், பனிப்பொழிவால் பள்ளிக்கூட அடைப்பு, தனக்குப் பல் வலி ஆகியவற்றுக்கென்று மூன்று. ஜூலை முதல் வாரத்தில் ஐந்து. மொத்தம் பதினான்கு. மிஞ்சிய ஒரு நாளுக்கு வட்டம் கிடையாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று டிசம்பர் வரை கையிருப்பாக வைத்திருப்பார்.

அந்த ஐந்து நாள்தான் அவருடைய குடும்பத்தின் ஆண்டுச் சுற்றுலா. அது ஜூலை முதல் வாரமாகவே இருப்பதற்கும் காரணம் உண்டு: கணவர் வேலை பார்த்த வாகன உதிரிபாகத் தொழிற்சாலையை ஆண்டுக்கு ஒருமுறை அந்த வாரத்தில்தான் பராமரிப்புக்காக மூடுவார்கள். கணவன், மனைவி, பள்ளிப் பிள்ளைகள் என எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பது அந்த ஒரு வாரத்தில் மட்டுமே. நாட்டில் பாதிக் குடும்பங்களுக்கு அப்படியே என்பதால், விமானக் கட்டணமும் அந்த வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இப்போது இவர்கள் ரோமுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பஸிலிருந்து நேர் விமானம் இல்லை. சனிக்கிழமை பிற்பகல் கிளம்பி, கிழக்குக் கடற்கரையில் விமானம் மாறி, ஞாயிறு நண்பகலில் இறங்குவார்கள். ஆறு மணி நேர வேறுபாட்டுக்கு உடல் பழகுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை காலையில் மறுபடி விமான நிலையம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு, தூக்கம் கெட்ட கண்களோடு அலுவலகம். நான்கு பேருக்கு விமானச் சீட்டுக்கே நாலாயிரம் ஐயாயிரம் டாலர் செலவழித்துவிட்டு மூன்றரை நாள் இத்தாலியைப் பார்ப்பதா, அல்லது காரின் பின்புறத்தில் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு வட கரோலைனாவின் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்கு ஒரே நாளில் ஓட்டிப் போய், உறவினர்களோடு சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் ஆறு நாள் படுத்துக் கிடப்பதா? அவர் இருபது ஆண்டுகளாக இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவருடைய பதினைந்து நாள் அவருடைய நிறுவனத்தின் கருணை. சட்டத்தின் கட்டளை அல்ல. இந்த ஒன்றைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தனியார் துறை முதலாளி எவரும் தொழிலாளிக்கு ஒரு நாள்கூடச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புத் தரக் கடமைப்பட்டவர் அல்லர். 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேர ஊதியத்தையும் வகுத்தது. விடுப்பைப் பற்றிப் பேசவில்லை. பிரான்சில் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1936-இல், மக்கள் முன்னணி அரசு எல்லாத் தொழிலாளருக்கும் இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கிவிட்டது. 1982-இல் அது ஐந்து வாரமாக வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இன்று குறைந்தபட்சம் நான்கு வாரம். மெக்சிகோவில் ஓராண்டுப் பணிக்குப் பின் ஆறு நாளாக இருந்த சட்டபூர்வ விடுப்பை 2023 முதல் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று விடுப்பை எழுதி வைத்தது. அமெரிக்காவில் இதற்கான எண்ணமே எழவில்லை என்று சொல்ல முடியாது. 1910-இல் ஜனாதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், மனிதன் அடுத்த ஆண்டு ஊக்கத்தோடு உழைக்க இரண்டு மூன்று மாத ஓய்வு தேவை என்று பகிரங்கமாகவே சொன்னார். அவருக்கு வாய்த்திருக்கலாம், சட்டமாக எதுவும் வரவில்லை.

விளைவு என்னவென்றால், தனியார் துறையில் ஓராண்டு பணி முடித்தவர்களுக்குச் சராசரியாகப் பதினொரு நாள் அளவிலும், ஐந்தாண்டு முடித்தவர்களுக்குப் பதினைந்து நாள் அளவிலும் விடுப்புக் கிடைக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சம்பள விடுப்பு என்பதே இல்லை. உணவகப் பரிமாறுநர், கடை உதவியாளர், முதியோர் இல்லப் பணியாளர் போன்றோர் இந்தக் கடைசிக் கூட்டத்தில் அதிகம். அவர்களைப் பொறுத்தவரை ஒரு வாரம் போவது என்றால் ஒரு வாரக் கூலியையும் சேர்த்து இழப்பது. இருக்கிற விடுப்பையும் எடுக்கத் தயங்குவது மற்றொரு புதிர். 2023-இல் வெளியான பியூ கணிப்பில், சம்பள விடுப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 46 பேர் தங்களுக்குரியதைவிடக் குறைவாகவே எடுப்பதாகச் சொன்னார்கள். மொன்டானா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும், தனி ஒப்பந்தம் இல்லாத ஊழியரைக் காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து நீக்க முதலாளிக்கு உரிமை உண்டு. வேலை போனால் பலருக்கு மருத்துவக் காப்பீடும் உடன் போகும். இந்த நிழல் தலைக்கு மேல் இருக்கும்போது, தொடர்ந்து இரண்டு வாரம் இல்லாமல் போனால் தான் இல்லாமலே அலுவலகம் நடக்கும் என்பது மேலாளருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வருவதில் வியப்பில்லை. எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: ஒரே மூச்சில் ஐந்து நாளுக்கு மேல் கேட்பவர் காரணமும் சொல்ல வேண்டும். நான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் கேட்டபோது, "பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள்" என்பது ஏற்கத்தக்க காரணமாக இருந்தது. "போர்ச்சுகலைப் பார்க்க ஆசை" என்று சொல்லியிருந்தால் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதைச் சோதிக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிலப்படம் எல்லோரிடமும் இருக்கிறது. லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அதே நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 5,500. டெக்சாஸின் மேற்கு முனையிலுள்ள எல் பாசோவிலிருந்து அதே மாநிலத்து ஹியூஸ்டனைவிடக் கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகில். அப்படிப்பட்ட நாட்டில் 'எல்லை தாண்டுவது' என்ற அளவுகோலே பொருந்தாது. ஒரு பெல்ஜியக்காரர் மூன்று நாடு பார்த்துவிட்டு வரும் தொலைவை இங்கே ஒருவர் பாட்டியைப் பார்ப்பதற்காகக் காரில் கடக்கிறார். ஆனால் தூரம்தான் முழுக் காரணம் என்பவர்களுக்கும் எல் பாசோவே பதில் வைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ரியோ கிராண்டே ஆற்றின் பாலத்தில் நடந்தே மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகருக்குப் போய், மலிவாகப் பல் மருத்துவம் பார்த்துக்கொண்டு, மாலையில் வீடு திரும்புகிறார்கள். வெளிநாடு அவர்களுக்குப் பழக்கம். சுற்றுலா வேறு சங்கதி.

வீட்டுக்குள்ளேயே என்னென்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 63 தேசியப் பூங்காக்கள், அலாஸ்காவின் பனியாறுகள், ஹவாயின் எரிமலை, புளோரிடாவின் சதுப்புக் காடு, யூட்டாவின் செம்பாறை வளைவுகள், கோடையில் குளிர், குளிரில் வெயில்: எதைத் தேடினாலும் பணத்தை மாற்றாமல், மொழியை மாற்றாமல், கைப்பேசித் திட்டத்தைக்கூட மாற்றாமல் அடையலாம். பனை மரமும் பவளப் பாறையும் வேண்டுமென்றால் புவேர்ட்டோ ரிக்கோ இருக்கிறது. அதற்கும் கடவுச்சீட்டு வேண்டாம். தேசியப் பூங்கா சேவையின் இடங்களுக்கு 2024-இல் 33 கோடிக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. இது நாட்டின் மக்கள்தொகைக்கு ஏறத்தாழச் சமம்.

இந்த உள்நாட்டு மோகம் தானாக வளர்ந்தது அல்ல, வளர்க்கப்பட்டது என்பது சுவையான பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்கார அமெரிக்கர்கள் கோடைக்குக் கப்பலேறி ஐரோப்பா போய்ப் பணத்தை அங்கே கொட்டிவிட்டு வருவது பெரிய வழக்கமாக இருந்தது. 1910-இல் மொன்டானாவில் பனியாற்றுத் தேசியப் பூங்கா உருவானபோது, அதன் வாசல் வழியே தண்டவாளம் வைத்திருந்த கிரேட் நார்தர்ன் ரயில் நிறுவனம் 'முதலில் அமெரிக்காவைப் பார்' என்ற முழக்கத்தைத் தன் விளம்பரங்களில் எங்கும் பரப்பியது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸுக்கு நிகர் நம்மிடமே இருக்கிறது என்று காட்டுவதற்காக, பூங்காவுக்குள் சுவிஸ் மலைவீடுகளின் பாணியிலேயே விடுதிகளைக் கட்டினார்கள். சுதேசியம் பேசிக்கொண்டே சுவிஸ் கூரை போட்ட அந்த வணிகச் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. பிறகு ஜனாதிபதி ஐசனோவர் காலத்தில், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை வலைப்பின்னல் தொடங்கியது. இன்று அதன் நீளம் 75,000 கிலோமீட்டருக்கும் மேல். குடும்பம் முழுவதும் ஒரே காரில் ஏறிப் போவதே விடுமுறை என்ற எண்ணம் அந்தத் தார்ச்சாலைகளின்மேல் வளர்ந்தது. 1968 புத்தாண்டு நாளன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டாலர் வெளியேறுவதைத் தடுப்பதற்காக, மேற்கு அரைக்கோளத்துக்கு வெளியே போகும் அவசியமற்ற பயணங்களை இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுமாறு நாட்டு மக்களை நேரடியாகவே கேட்டுக்கொண்டார். வெளிநாட்டுச் சுற்றுலா என்பது நாட்டுக்கு நட்டம் என்ற சிந்தனைக்கு அரச முத்திரையும் இருந்திருக்கிறது.

பணத்தை நான் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் வைப்பேன், ஆனால் ஒதுக்கிவிட மாட்டேன். அமெரிக்கா பணக்கார நாடு என்பதால் ஒவ்வொரு அமெரிக்கரிடமும் பணம் புரள்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 400 டாலர் திடீர்ச் செலவு வந்தால் கையிருப்பிலிருந்து கொடுக்க முடியுமா என்று அந்நாட்டு மைய வங்கி ஆண்டுதோறும் கேட்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முடியாது என்கிறார்கள். முதல்முறை கடவுச்சீட்டு வாங்கவே வயது வந்த ஒருவருக்கு 165 டாலர் கட்டணம். தபால் அலுவலகத்தில் நேரில் நின்று, பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான்கு பேர் குடும்பம் ஒன்று, எந்தப் பயணமும் உறுதியாகாத நிலையில், இதற்காக ஐந்நூறு அறுநூறு டாலரை எடுத்து வைக்குமா? இளவயதில் உலகம் சுற்றும் ஆஸ்திரேலிய வழக்கம் இங்கே வேரூன்றாததற்கும் கடன்தான் காரணம். மாணவர் கடனாக நாடு முழுவதும் நிலுவையில் நிற்பது 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேல். பட்டம் வாங்கிய ஆறாவது மாதம் தவணை தொடங்கிவிடும் என்று தெரிந்த இளைஞன் முதுகில் பையை மாட்டிக்கொண்டு வியட்நாமுக்குக் கிளம்புவதில்லை.

அறியாமை, அச்சம், மொழி ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுபவர்கள் மக்கள்தொகையில் நான்கில் மூவருக்கு மேல். புரியாத மொழி பேசும் ஊரில் வழி கேட்டு நிற்கும் அனுபவம் சிறுவயதில் வாய்க்காதவருக்கு ஐம்பது வயதில் அது மிரட்சி தருகிறது. தொலைக்காட்சியில் வெளிநாடு என்பது குண்டுவெடிப்பாகவோ நிலநடுக்கமாகவோதான் வருகிறது. அடுத்த மாநிலத்தில் நடக்கும் துப்பாக்கிச்சூடு அவர்களை அச்சுறுத்தாதபோது பாரிஸில் நடந்தது அச்சுறுத்துவதைத் தர்க்கத்தால் விளக்க முடியாது. புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் எப்காட் பூங்காவில் ஒரு குளத்தைச் சுற்றி அமெரிக்காவோடு சேர்த்துப் பதினொரு நாடுகளின் மாதிரிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. மொராக்கோவிலிருந்து ஜப்பானுக்கு நடந்தே போய்விடலாம். இதைப் பார்த்துவிட்டு உலகத்தையே பார்த்ததாக அமெரிக்கர்கள் நம்புகிறார்கள் என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அங்கே பிள்ளைகளோடு வந்திருந்த எவரும் அப்படி நம்பி நான் கண்டதில்லை. அசலுக்குப் போக முடியாது என்று தெரிந்துதான் நகலுக்கு வருகிறார்கள். அதற்கான நுழைவுச் சீட்டும் மலிவு இல்லை.

உல்லாசம் அல்லாத காரணங்களுக்காக வெளிநாடு போன சாதாரண அமெரிக்கர்கள் ஏராளம் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். எங்கள் அலுவலகக் காவலாளி ஜெர்மனியிலும் தென் கொரியாவிலும் மொத்தம் ஐந்து ஆண்டுகள் இருந்தவர், ராணுவச் சீருடையில். கணக்குப் பிரிவில் இருந்த பெண் தேவாலயக் குழுவோடு குவாத்தமாலாவுக்குப் போய்ப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு வந்தார். குடியுரிமை பெற்ற புலம்பெயர்ந்தோரின் கதை வேறு. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் கடவுச்சீட்டு முழுக்க முத்திரைகள் இருக்கும். அத்தனையும் சென்னை விமான நிலையத்தில் குத்தியவை. இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து, கல்யாணம், காதுகுத்து, அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை என்று கழித்துவிட்டுத் திரும்புபவர்கள், வழியில் துபாய் விமான நிலையத்தின் கடைகளைத் தவிர வேறு ஒரு நாட்டையும் பார்த்திருக்க மாட்டார்கள். பயணப் புள்ளிவிவரங்களில் இவர்கள் உலகம் சுற்றும் அமெரிக்கர்கள்.

இத்தனைக்கும் பிறகு, நேரமும் பணமும் இருந்தும் போகாதவர்கள் ஒரு கூட்டம் உண்டு. மிச்சிகனின் ஏரிக்கரையில் தாத்தா கட்டிய மர வீட்டுக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் போகிறவர் ஒருவரை அறிவேன். அதே படகு, அதே மீன், சுவரில் ஆண்டுவாரியாகப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த அதே பென்சில் கோடுகள். அவரிடம் நான் ஒருமுறை ஸ்பெயினைப் பற்றி ஆர்வமாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏரியை விட்டுவிட்டா?" என்றார். அந்தப் பதிலில் அறியாமையை நான் காணவில்லை. ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டுமே தன்னுடையது என்று இருப்பவர், அதைப் பிடித்தமான இடத்தில் செலவிடுகிறார். புதியதைத் தேடுவது ஒரு சுவை. பழையதற்குத் திரும்புவது மற்றொரு சுவை. கோடைதோறும் ஸ்பெயினின் ஒரே கடற்கரை ஊருக்குப் போய், அங்கும் ஆங்கிலேய உணவையே கேட்கும் பிரிட்டன்காரரைவிட இவர் எந்த வகையில் குறைந்தவர்? அந்தப் பிரிட்டன்காரர் எல்லை தாண்டுவதால் மட்டும் உலகம் அறிந்தவர் ஆகிவிடுகிறார், அவ்வளவுதான்.

எதிர் மேசை அம்மையாரின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ஓய்வு பெற்ற கையோடு கணவரும் அவரும் சியாட்டிலில் கப்பலேறி அலாஸ்காவைப் பார்க்கப் போனார்கள். அந்தக் கப்பல் வேறொரு நாட்டில் பதிவானது. சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை அப்படித்தான். வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிப் போகக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதனால் சியாட்டிலில் கிளம்பும் அலாஸ்காக் கப்பல்கள் வழியில் ஏதாவது கனடியத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அவருடைய கப்பல் திரும்பும் வழியில் ஒரு மாலை கனடாவின் விக்டோரியா நகரில் நான்கு மணி நேரம் நின்றது. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பல் என்பதால் பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் போதுமாக இருந்தன. அறுபத்தாறு வயதிலும் அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. விளக்குப் போட்ட நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்தார்கள், ஒரு தேநீர் குடித்தார்கள், பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கினார்கள், கப்பலுக்குத் திரும்பினார்கள். பியூ மையத்தார் இன்று அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், வெளிநாடு போய்வந்த நான்கில் மூவரில் ஒருவராகத்தான் அவரை எழுதிக்கொள்வார்கள்.